அறுந்த காயிலும் அறியாத கணக்கும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

அன்றாட வாழ்வில் நாம் கையாளும் பொருள்களில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுக் கைதட்டுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். நானும் அப்படி மறந்தவன்தான். மறந்ததற்கு விலை கொடுத்தவர் என் தாயார். அந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, அதன் பின்னுள்ள எளிய கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறு கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அதனால் தெருவில் யார் வீட்டு விளக்கு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இயற்பியல் படிக்கிறவனுக்குக் கரண்டு வேலை தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். தெரியாது என்று சொல்ல எனக்கும் வெட்கம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்துவிட்டது. எரிவாயு உருளையும் தீர்ந்துபோயிருந்தது. அத்தை கொடுத்த பழைய மின்சார அடுப்பை எடுத்து வைத்தோம். வெண்களிமண் தட்டில் பள்ளம் வெட்டி, அதில் சுருள் கம்பி பதித்த 1000 வாட் அடுப்பு. நான்கு நாளில் காயில் அறுந்தது. கருகிய சுற்றுகளை நறுக்கி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் முறுக்கிப் பொருத்தினேன். அடுப்பு முன்னைவிட நன்றாகவே சிவந்து எரிந்தது. ‘படிச்ச பிள்ளைன்னா சும்மாவா!’ என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இரண்டு வாரத்தில் மறுபடி அறுந்தது, மறுபடி முறுக்கினேன். ஒரு வாரத்தில் மூன்றாம் முறை. அதன்பின் மூன்றாம் நாள் இரவு, சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் உருகிப் புகைந்தது. நான் வீட்டில் இல்லை. அம்மா பதறிப்போய்ப் பிளக்கைப் பிடித்து இழுத்திருக்கிறார். உருகிய பிளாஸ்டிக் வலது கையின் மூன்று விரல்களில் ஒட்டிக்கொண்டது.

பீடி சுற்றுகிறவருக்கு விரல் நுனிதான் முதல். பதினெட்டு நாள் அம்மா தட்டைத் தொடவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் கூலி இல்லை. மருந்து தடவும்போது ஒரு நாள் கேட்டார்: ‘ஏய்யா, இதையெல்லாம் காலேஜுல சொல்லித் தர மாட்டாவளா?’

சொல்லித்தான் தந்திருந்தார்கள். ஓம் விதி பற்றிய வினாவுக்கு முதற் பருவத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த விதிக்கும் என் வீட்டு அடுப்புக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் விதியைத் தந்த ஜியார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் தாமாகவே கற்று, தம் மக்களுக்குக் கணிதம் கற்பித்தவர். ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பொறுமையாக அளந்தார். 1827-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவருடைய நாட்டிலேயே அதற்கு உடனே வரவேற்பு இல்லை. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்த பிறகுதான் அவர் பெருமை பரவியது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், மதுவடிக்கும் தொழில் நடத்திய ஒரு குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார். ஓம் விதியும் ஜூல் விதியும் சேர்ந்தால் மின்சார அடுப்பின் கதை முழுவதும் அதில் அடங்கிவிடும்.

கம்பியின் மின்தடையைக் கணக்கிடுதல்

ஒரு கம்பியின் மின்தடை மூன்றைப் பொறுத்தது: அது எந்த உலோகம், எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன். நீளம் கூடினால் மின்தடை கூடும். பருமன் கூடினால் குறையும். குறுகலான வாய்க்காலில் தண்ணீர் திணறுவதும் அகன்ற வாய்க்காலில் தாராளமாக ஓடுவதும் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்தடை = மின்தடை எண் × நீளம் ÷ குறுக்குவெட்டுப் பரப்பு

பாடநூலில் மின்தடை எண்ணை ஓம்-மீட்டரில் தருவார்கள். பத்தின் அடுக்குகளில் எழுதும்போது தவறு நேர்வது எளிது. பட்டறைக் கணக்குக்கு வேறு வழி வசதியானது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள கம்பியின் மின்தடை எத்தனை ஓம் என்று வைத்துக்கொண்டால் போதும். அறை வெப்பநிலையில் சில உலோகங்களுக்கு அந்த எண் ஏறத்தாழ வருமாறு:

செம்பு – 0.0172
இரும்பு – 0.10
கான்ஸ்டன்டன் (நம் ஆய்வகத்தில் யுரேகா என்பது) – 0.49
நைக்ரோம் (80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம்) – 1.09
காந்தால் ஏ-1 (இரும்பு, குரோமியம், அலுமினியம்) – 1.45

இனி அடுப்புக்கு வருவோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1000 வாட் வேண்டுமானால் மின்னோட்டம் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். மின்தடை 230 ÷ 4.35, அதாவது 52.9 ஓம். இதையே ஒரே படியில், மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்தும் பெறலாம்.

என் அடுப்புக் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்தேன். கருமையைச் சுரண்டிவிட்டு அளந்தபோது 0.46 மி.மீ. வந்தது. இது 26 கேஜ் கம்பி. அட்டவணைப்படி அதன் விட்டம் 0.457 மி.மீ. பரப்பு = 0.785 × 0.457 × 0.457 = 0.164 சதுர மி.மீ. ஒரு மீட்டருக்கு மின்தடை = 1.09 ÷ 0.164 = 6.65 ஓம். ஆகவே தேவையான நீளம் 52.9 ÷ 6.65 = 7.95 மீட்டர்; அதாவது ஏறத்தாழ 8 மீட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்கில் விட்டம் இருமடியாக வருவதால், விட்டத்தை அளப்பதில் நேரும் பிழையும் இரட்டிக்கும். திருகு அளவியில் ஒரே ஒரு பிரிவு, அதாவது 0.01 மி.மீ. தவறினால், 26 கேஜ் கம்பியில் அது நூற்றுக்கு 2.2 பிழை, மின்தடையில் நூற்றுக்கு 4.4 பிழை. கம்பியை ஒரே இடத்தில் அளக்காமல் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்று செய்முறை வகுப்பில் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

எந்தக் கம்பி, ஏன்?

ஏன் நைக்ரோம்? வீட்டில் கிடக்கும் செம்புக் கம்பியைச் சுருட்டினால் ஆகாதா? அதே 26 கேஜ் பருமனில், அதே 52.9 ஓம் பெற ஒவ்வொரு உலோகத்திலும் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன்.

செம்பு – ஏறத்தாழ 504 மீட்டர்
இரும்பு – 87 மீட்டர்
கான்ஸ்டன்டன் – 18 மீட்டர்
நைக்ரோம் – 8 மீட்டர்
காந்தால் ஏ-1 – 6 மீட்டர்

செம்பில் அடுப்புச் செய்ய அரை கிலோமீட்டர் கம்பி வேண்டும்! குறைந்த நீளம் வைத்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து ஃபியூஸ் போகும். இரும்புக்கு 87 மீட்டர் போதும் என்றாலும், சூடேற ஏற அதன் மின்தடை பல மடங்கு உயரும். சிவந்த சூட்டில் காற்றுப்பட்டு அரித்துப்போகும். கான்ஸ்டன்டன் ஆய்வகத்தில் மின்தடைச் சுருளுக்கு நல்லது. செந்தணலாகும் வெப்பத்துக்கு ஏற்றதன்று.

நைக்ரோமின் சிறப்பு இரண்டு. ஒன்று, அது சூடானதும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் மேலே படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அடுப்புக் காயில் கறுப்பது கெட்டுப்போவதன் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். அந்தக் கருமைதான் அதற்குக் கவசம். மற்றொன்று, சிவக்கச் சிவக்கச் சூடானாலும் அதன் மின்தடை நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் கூடும். ஆகவே குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் அளந்த அளவையே நம்பிக் கணக்கிடலாம். குண்டு பல்பில் உள்ள டங்ஸ்டன் இழைக்கு இது பொருந்தாது. 100 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். அணைத்து ஆறியபின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

நைக்ரோம் வகைக் கலவையை அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் உருவாக்கி 1906-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் ரொட்டி வாட்டும் கருவி, இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி எல்லாம் அதன் வழிவந்தவை. காந்தால் ஸ்வீடன் நாட்டில் 1920-களில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ் உருவாக்கியது. அதன் மேல் படிவது அலுமினியம் ஆக்சைடு. நைக்ரோமைவிட அதிக வெப்பம் தாங்கும். ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் எளிதில் நொறுங்கும். பழைய காந்தால் காயிலை முறுக்க முயன்றால் கையோடு ஒடிந்து வரும்.

ஒரே ஓம், வேறு வேறு ஆயுள்

மின்தடை 52.9 ஓம் வந்துவிட்டால் போதும், எந்தப் பருமனில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். வெப்பம் ஒன்றுதான், ஆனால் அந்த வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு ஒன்றன்று. பத்துப் பேர் ஒரு வாசல் வழியாக வெளியேறுவதற்கும் நான்கு வாசல் வழியாக வெளியேறுவதற்கும் வேறுபாடு இல்லையா? 1000 வாட் நைக்ரோம் காயிலை மூன்று பருமன்களில் கணக்கிட்டேன்.

24 கேஜ் (0.559 மி.மீ.): நீளம் 11.9 மீட்டர், மேற்பரப்பு 209 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 4.8 வாட்.
26 கேஜ் (0.457 மி.மீ.): நீளம் 7.95 மீட்டர்; மேற்பரப்பு 114 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 8.8 வாட்.
28 கேஜ் (0.376 மி.மீ.): நீளம் 5.4 மீட்டர், மேற்பரப்பு 64 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 16 வாட்.

மூன்றும் 1000 வாட்தான். மூன்றையும் மல்டிமீட்டரில் அளந்தால் ஒரே எண்தான் காட்டும். ஆனால் 28 கேஜ் கம்பியின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும், 24 கேஜ் கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளித்தள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அது அதிகமாகச் சூடேறியாக வேண்டும், சீக்கிரம் அறும். காயில் வாங்கும்போது மெல்லியது மலிவு என்று எடுத்தால் வரும் நட்டம் இது.

நான் செய்த தவறு

இப்போது என் அடுப்பைப் பார்ப்போம். அம்மாவின் கை ஆறத் தொடங்கியபின், அந்தக் காயிலைப் பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று முறுக்குகளையும் பிரித்து, நான்கு துண்டுகளையும் தனித்தனியே அளந்து கூட்டினேன். ஏறத்தாழ 38.5 ஓம் வந்தது. கடையில் வாங்கிய புதிய 1000 வாட் காயில் 53 ஓம் காட்டியது. அதாவது ஒவ்வொரு முறையும் இருந்ததில் பத்தில் ஒரு பங்கை நான் இழந்திருக்கிறேன். கருகிய சுற்றுகளை நறுக்கியதில் கொஞ்சம். முறுக்கிய இடத்தில் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நீளமாகக் கணக்கில் வராமல் போனது கொஞ்சம்.

புதிதாக இருந்தபோது: 52.9 ஓம், 4.35 ஆம்பியர், 1000 வாட்.
முதல் முறுக்குக்குப் பின்: 47.6 ஓம், 4.83 ஆம்பியர், 1111 வாட்.
இரண்டாம் முறுக்குக்குப் பின்: 42.8 ஓம், 5.37 ஆம்பியர், 1235 வாட்.
மூன்றாம் முறுக்குக்குப் பின்: 38.6 ஓம், 5.96 ஆம்பியர், 1372 வாட்.

‘முன்னைவிட நன்றாகச் சிவந்து எரிகிறது’ என்று நாங்கள் மகிழ்ந்ததன் காரணம் புரிகிறதல்லவா? மின்தடை குறைந்தால் வெப்பமும் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். மின்னோட்டம் மாறாதிருந்தால் அது சரி. வீட்டில் மாறாதிருப்பது மின்னழுத்தம். ஆகவே மின்தடை குறையக் குறைய மின்னோட்டமும் வெப்பமும் கூடும்.

அதோடு முடியவில்லை. வெப்பம் கூடியது, கம்பியின் நீளம் குறைந்ததால் மேற்பரப்போ குறைந்தது. மூன்றாம் முறுக்குக்குப் பின் 1372 வாட்டை 83 சதுர செ.மீ. பரப்பு வெளியேற்ற வேண்டும். ஒரு சதுர செ.மீ.க்கு 16.5 வாட். திறன் கூடியது நூற்றுக்கு 37 பங்கு. மேற்பரப்பின் சுமை கூடியதோ நூற்றுக்கு 88 பங்கு! நல்ல 26 கேஜ் கம்பியை என் கையாலேயே 28 கேஜ் கம்பியின் கதிக்கு ஆளாக்கியிருந்தேன். முதலில் இரண்டு வாரம், பிறகு ஒரு வாரம், பிறகு மூன்று நாள் என்று இடைவெளி சுருங்கியது தற்செயல் அன்று. ஒவ்வொரு முறுக்கும் அடுத்த அறுபடும் நாளை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

முறுக்கிய இடத்துக்குத் தனித் துன்பமும் உண்டு. இரண்டு கம்பிகள் சரியாக ஒட்டாத இடத்தில், கவசம் என்று நான் மேலே புகழ்ந்த அந்தக் கரும்படலமே இடையில் புகுந்து மின்தடையாகிறது. அது அரை ஓம் என்று கொள்வோம். 4.35 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரே புள்ளியில் 4.35 × 4.35 × 0.5; ஏறத்தாழ 9.5 வாட். கம்பியின் மற்ற இடங்களில் ஒரு செ.மீ.க்கு 1.26 வாட்தான். ஆக முறுக்கிய இடத்தில் மட்டும் ஏழெட்டு மடங்கு கூடுதல் வெப்பம்.

இதே கணக்கு பிளக் பாயிண்டுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் இருந்தது பழைய 5 ஆம்பியர் பாயிண்ட். அதன் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோயிருந்தது. அங்கும் அரை ஓம் என்று கொண்டால், முதலில் பிறந்த வெப்பம் 9.5 வாட், மூன்றாம் முறுக்குக்குப் பின் 17.8 வாட். இதுவும் 1.88 மடங்கு. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அவ்வளவு வெப்பம் சேர்ந்தால் உருகாமல் என்ன செய்யும்?

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று அப்பா கேட்டார். ஃபியூஸ் பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை மட்டுமே. 5.96 ஆம்பியர் என்பது 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியையும் உடனே உருக்கிவிடாது. எங்கள் ஃபியூஸ் கட்டையில் சுற்றியிருந்ததோ யாரோ முறுக்கிவிட்ட தடித்த செம்புக் கம்பி. தளர்ந்த இணைப்பில் பிறக்கும் வெப்பத்தை எந்த ஃபியூஸும் கண்டுகொள்ளாது.

சில தவறான எண்ணங்கள்

காயிலை இழுத்து நீட்டினால் இழந்த மின்தடை திரும்பிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சுருளை இழுக்கும்போது சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் கூடுகிறது. கம்பியின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே மின்தடை மாறாது. அதனால்தான் மூன்று முறை வெட்டிய காயிலும் பள்ளத்தில் முழுவதுமாகப் படுத்துக்கொண்டு, குறைந்ததே தெரியாமல் நம்மை ஏமாற்றுகிறது.

இன்னொன்று. மாலை நேரத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், 1000 வாட் அடுப்பு 612 வாட்தான் தரும். ‘கரண்டு கம்மி, நாலு சுத்து வெட்டிவிடு’ என்று அப்போது சொல்வார்கள். 180 வோல்ட்டில் 1000 வாட் தருமாறு வெட்டினால் மின்தடை 32.4 ஓமாகும். நள்ளிரவில் மின்னழுத்தம் 240 வோல்ட்டுக்கு ஏறும்போது அதே காயில் 1778 வாட் இழுக்கும், மின்னோட்டம் 7.4 ஆம்பியர். சின்னப் பாயிண்ட் அதைத் தாங்காது.

நாமே செய்து பார்க்க

230 வோல்ட்டில் காயில் சுற்றிப் பழகுவது வேண்டாம். திறந்த காயிலில் மின்சாரம் வெளிப்படையாக இருக்கிறது. அலுமினியச் சட்டி அதில் பட்டால் சட்டியும் தாக்கும். மூன்று முள் பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் இல்லாத வீட்டில் அந்த அடுப்பை வைக்கவே கூடாது. அறுந்தால் முறுக்காமல் புதிய காயில் போடுவதே சிக்கனம்.

கணக்கைச் சரிபார்க்க விரும்பும் நண்பர்கள் கண்காட்சிக்கு எழுத்து வெட்டும் தெர்மகோல் வெட்டியைச் செய்து பார்க்கலாம். 28 கேஜ் நைக்ரோம் ஒரு மீட்டருக்கு 9.8 ஓம். 30 செ.மீ. எடுத்தால் 2.95 ஓம். 6 வோல்ட் மின்மாற்றியில் இணைத்தால் 2 ஆம்பியருக்குச் சற்று மேல், திறன் 12 வாட், ஒரு செ.மீ.க்கு 0.4 வாட். கம்பி சிவக்காது, தெர்மகோல் வெண்ணெய் போல் வெட்டுப்படும். மின்மாற்றி 3 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். அதே கம்பியை 12 வோல்ட்டில் இணைத்தால் திறன் இரு மடங்கு ஆகாது; நான்கு மடங்கு, அதாவது 49 வாட் ஆகும். கம்பி செக்கச் செவேலெனக் காயும். இருமடி என்பதன் பொருளைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி இல்லை. புகையை மூச்சில் இழுக்காமல் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

இந்தக் கணக்குகளில் கடினமானது ஒன்றுமில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பள்ளியில் கற்ற சூத்திரம் என் நோட்டில் இருந்தது. அடுப்பு என் வீட்டில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கவில்லை என்பதுதான் என் குற்றம்.

அம்மா இப்போது மறுபடி பீடி சுற்றுகிறார். ஒரு விரலில் மட்டும் தழும்பு இருக்கிறது. கட்டுக்கு இருபத்தைந்து என்று எண்ணி நூல் கட்டும்போது அவர் கணக்கு ஒன்றுகூடத் தவறியதில்லை. தவறினால் கட்டைக் கழித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர், தம் தொழிலின் கணக்கை விரலிலேயே வைத்திருக்கிறார். சென்ற மாதம் எதிர்வீட்டு மாமா அறுந்த காயிலோடு என்னைத் தேடி வந்தார். நான் பதில் சொல்வதற்குள் அம்மாவே சொன்னார்: ‘முறுக்காதீய அண்ணாச்சி, புதுசு வாங்கிப் போடுங்க. குறையக் குறைய அது கூட இழுக்குமாம்.’

சொன்னவருக்கு ஓம் என்ற பெயர் தெரியாது. ஓம் விதி தெரியும்.